கப்பலுக்கு முன் கிளம்பிய பத்திரம்!

அக்டோபர் 12! ஸ்பெயின் நாட்டுக்கு அது தேசிய விழா நாள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்நாளையொட்டி, அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையில், கொலம்பஸ் பெயரால் அரசு விடுமுறை. வெனிசுலாவிலோ, 2002ஆம் ஆண்டிலிருந்து அதே நாளுக்குப் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பு நாள் என்று பெயர். ஒரே தேதி; ஒரு வீட்டில் விருந்து, மறு வீட்டில் இழவு! ஏன்?

1492இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் நாமெல்லாம் ஒரு வரி படித்தோம். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும், மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், எதற்காகப் போனார்? எவர் பணத்தில் போனார்? போன இடத்தில் வாழ்ந்திருந்தவர்களின் கதி என்ன? இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே விடையும் இல்லை. வற்புறுத்திக் கேட்டால், அறிவு வேட்கை என்பார்கள், வீரம் என்பார்கள், சமயப் பணி என்பார்கள். பொன்னாசை என்ற சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்து மறைத்துவிடுவார்கள்.

ஐரோப்பியரை அமெரிக்கக் கண்டத்துக்கு இழுத்துச் சென்றது செல்வ வேட்டைதானா? ஆம் என்பதே நம் விடை. ஆனால், ஆம் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட முடியாது. அவர்களில் பக்திமான்கள் இல்லையா, உயிரைத் துரும்பாக எண்ணிய மாலுமிகள் இல்லையா என்று எதிர்த்தரப்பார் கேட்பார்கள். இருந்தார்கள்; மறுக்கவில்லை. அவர்கள் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மிடம் சாவி இல்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன, தோழர்களே! ஒன்று, கப்பல் கிளம்புமுன் எழுதப்பட்ட பத்திரம். மற்றொன்று, பொன்னும் அறமும் நேருக்கு நேர் மோதிய நாளில் எது வென்றது என்ற வரலாறு. இரண்டையும் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

பத்தில் ஒரு பங்கு!

கொலம்பஸ் கடலில் இறங்கியது 1492 ஆகஸ்ட் 3ஆம் நாள். அதற்கு மூன்றரை மாதம் முன்பே, ஏப்ரல் 17ஆம் நாள், சாந்தா ஃபே என்ற ஊரில் ஸ்பெயின் அரசி இசபெல்லா, அரசர் ஃபெர்டினாண்ட் இருவருடனும் அவருக்கு உடன்படிக்கை முடிந்துவிட்டது. அதில் என்ன இருந்தது? கண்டடையும் நாடுகளில் கிடைக்கும் முத்து, மணி, பொன், வெள்ளி, வாசனைச் சரக்கு அனைத்திலும் பத்தில் ஒரு பங்கு கொலம்பசுக்கு. அந்நாடுகளுக்கு வாணிபத்துக்குப் போகும் கப்பல்களில் எட்டில் ஒரு பங்கு முதல் போட உரிமை. போட்டால் இலாபத்திலும் எட்டில் ஒன்று. கடற்படைத் தலைவர் பட்டம், அரசப் பிரதிநிதிப் பதவி, ஆளுநர் பதவி!

கரை கண்ணில் படவில்லை. அங்கே மனிதர் உண்டா என்பதே தெரியாது. ஆனால் பங்குப் பிரிவினை முடிந்துவிட்டது! கன்று பிறக்குமுன்பே பாலுக்கு விலை பேசிய கதை இது. அறிவு வேட்கைக்கு இத்தனை விழுக்காட்டுக் கணக்கு எதற்கு என்று கேட்பது தவறா?

அவர் தேடிப் போனது அமெரிக்காவையே அன்று. ஆசியாவின் மிளகையும் பட்டையையும் பொன்னையும் மேற்குத் திசைக் கடல்வழியாக எட்டிப் பிடிப்பதே திட்டம். கேரளக் கரை மிளகு பல வணிகர் கை மாறி, வெனிஸ் நகர வியாபாரிகளின் கைக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பியச் சமையலறையை அடைந்த காலம் அது. ஒவ்வொரு கையும் இலாபம் வைத்தது. அந்த இடைத்தரகர்களைத் தாண்டிச் சரக்கின் பிறப்பிடத்துக்கே போய்விட வேண்டும் என்ற கணக்குத்தான் கப்பலை மிதக்கவிட்டது. போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அந்தக் காரியத்தைச் சாதித்தார்கள். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். கொலம்பசோ மேற்கே போய், வேறொரு கண்டத்தில் முட்டிக்கொண்டு, இதுவே இந்தியா என்றார். அந்தத் தப்பான பெயர் அம்மக்களின் தலையில் ஐந்நூறு ஆண்டுகளாகச் சுமத்தப்பட்டிருக்கிறது.

கண்டது யார்? வந்தது எதற்கு?

கண்டுபிடித்தது பெருமை அல்லவா என்பார் உண்டு. கேளுங்கள். கொலம்பசுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வட ஐரோப்பாவின் வைக்கிங் மாலுமிகள் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் இறங்கியிருக்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் அவர்கள் குடியிருந்த இடத்தை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் கி.பி. 1021இல் வெட்டப்பட்டவை என்று அறிவியலார் நிறுவியுள்ளனர். ஆக, அட்லாண்டிக் மாகடலைத் தாண்டிய பெருமை அவர்களுக்கே முதலில் உரியது.

பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை! சில காலம் இருந்தார்கள், திரும்பிவிட்டார்கள். பின்னால் படை வரவில்லை, பங்குதாரர் வரவில்லை, அடிமைக் கப்பல் வரவில்லை. அந்தக் கண்டத்தின் மக்கள் முன்போலவே உழுதார்கள், நெய்தார்கள், நகரங்கள் கட்டினார்கள். துணிவும் கடலறிவும் 1021இலும் இருந்தன, 1492இலும் இருந்தன. 1492இல் புதிதாக வந்து சேர்ந்தது, போட்ட முதலுக்கு வட்டியோடு திரும்பக் கேட்கும் பணம். ஒரு கடற்பயணத்தைப் படையெடுப்பாக மாற்றியது அதுதான்.

பரிசாக வந்த மணி

தீவில் இறங்கிய மறுநாளே கொலம்பஸ் தம் குறிப்பேட்டில் எழுதிய செய்தி, அங்குள்ளோர் மூக்கில் தொங்கிய சிறு பொன் துண்டைப் பற்றியது. எங்கே கிடைக்கிறது இது என்று சைகையால் விசாரித்தார். தாயினோ என்ற அந்த மக்கள் அன்போடு வரவேற்றார்கள். அவர்களுக்குக் கண்ணாடி மணிகளும், வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறு கிண்கிணி மணிகளும் பரிசாகக் கொடுக்கப்பட்டன. அந்த மணியை ஆட்டி ஆட்டி அவர்கள் மகிழ்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு மூன்று கப்பல் பதினேழு கப்பலானது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இஸ்பனியோலாத் தீவில் வந்து இறங்கினார்கள். 1495இல் சட்டம் பிறந்தது. பொன் கிடைக்கும் பகுதியில் வாழும் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொற்றூள் கொண்டுவந்து கொட்ட வேண்டும். எவ்வளவு? அளவுப் பாத்திரம் எது தெரியுமா? பரிசாகக் கொடுத்தார்களே, அதே பருந்து மணி! அது நிறையப் பொன்! அன்று விளையாட்டுப் பொருள். இன்று வரி அளக்கும் படி! ஆற்று மணலை அரித்தால் அத்தனை பொன் அங்கே கிடைக்காது. கிடைக்காத பொன்னுக்காக மக்கள் வதைபட்டார்கள், மலைக்கு ஓடினார்கள், விதைப்பு நின்றது, பட்டினி வந்தது. பொன் போதாதபோது மனிதரே சரக்கானார்கள். அதே 1495இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட தாயினோ மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ இருநூறு பேர் வழியிலேயே மாண்டு கடலில் வீசப்பட்டார்கள்.

அவர்களைக் கொன்றது பெரியம்மை என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. நோய் பேரழிவு செய்தது உண்மை. கண்டம் முழுவதும் கோடிக்கணக்கில் கொன்றது. ஆனால் இஸ்பனியோலாவைப் பெரியம்மை எட்டியது 1518ஆம் ஆண்டின் இறுதியில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1514இல், வேலைக்கு ஆள் பிரித்துக்கொடுக்க எடுத்த கணக்கில் தேறியவர்கள் ஏறத்தாழ 26,000 பேர்தாம். இலட்சக்கணக்கில் மக்கள் வாழ்ந்த தீவு அது. அம்மை வருமுன்பே அடிமைவேலை வந்துவிட்டது!

அறம் எழுந்தது, என்ன ஆயிற்று?

இனி இரண்டாவது சாட்சி. சமயப் பணிக்காகவே போனோம் என்கிறார்களே, அந்தச் சமயத்தின் பெயராலேயே ஒருவர் எழுந்து, பொன்னாசையை எதிர்த்துப் பேசினார். அவரை நாம் மறைக்கவில்லை, தலை வணங்குகிறோம். 1511 டிசம்பரில், சாந்தோ தொமிங்கோ நகரத்து ஆலயத்தில், மொந்தெசினோஸ் என்ற பாதிரியார் மேடையேறினார். எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஆளுநரும் நிலக்காரர்களும். ஆளுநரோ கொலம்பசின் மகன் தியேகோ. இந்த மக்களை இப்படி வதைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று முகத்துக்கு நேரே கேட்டார் அந்தத் துறவி. கனவான்கள் கொதித்தார்கள், பேச்சைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி மேடையேறினார். முன்னிலும் கடுமையாகச் சொன்னார்! லாஸ் கசாஸ் என்ற மற்றொரு பாதிரியார், தமக்கு ஒதுக்கப்பட்ட கொத்தாட்களை 1514இல் துறந்தார். பிறகு ஐம்பது ஆண்டுகள் அம்மக்களுக்காக அரசவையில் வாதாடினார்.

பலன் கிடைத்தது, ஏட்டில். 1542இல் அரசர் ஐந்தாம் சார்லஸ் புதுச் சட்டங்கள் இயற்றினார். பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது. அவர்கள் உழைப்பை நுகரும் நிலக்காரர் இறந்தால் அந்த உரிமை பிள்ளைக்குப் போகாது, அரசுக்குத் திரும்பும். நல்ல சட்டம்! அதைப் பெருவில் நடைமுறைப்படுத்த நூன்யெஸ் வேலா என்ற அரசப் பிரதிநிதி வந்து சேர்ந்தார். நிலக்காரர்கள் என்ன செய்தார்கள்? பெருவை வென்ற பிசாரோவின் தம்பி கொன்சாலோவைத் தலைவனாக்கிக் கலகக்கொடி உயர்த்தினார்கள். 1546இல் நடந்த போரில் அரசரின் பிரதிநிதியே கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டே, 1545இல், வாரிசுரிமையைத் தடுத்த விதியை அரசர் திரும்பப் பெற்றுவிட்டார். கொன்சாலோ 1548இல் பிடிபட்டுத் தலை இழந்தான். ஆனால் நிலக்காரர்கள் கேட்டது நிலைத்துவிட்டது. தலைவனுக்குத் தண்டனை, கோரிக்கைக்கு வெற்றி!

இதுதான் தீர்ப்பு, தோழர்களே. பக்தியும் பணமும் ஒரே திசையில் போனவரை ஒரே கப்பலில் போயின. திசை பிரிந்த அன்று, பக்தி கரையில் நின்றது. பணம் பயணத்தைத் தொடர்ந்தது.

கல்லைப் பொன்னென்று சுமந்தவர்கள்

ஸ்பெயினை மட்டும் பழிப்பது நியாயமன்று. இங்கிலாந்தின் மார்ட்டின் ஃப்ரோபிஷர் 1576இல் ஆசியாவுக்கு வடமேற்கு வழி தேடிக் கிளம்பினார். பனி சூழ்ந்த தீவொன்றில் எடுத்த கருங்கல்லில் பொன் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான்! வழி தேடும் வேலை மறந்துபோயிற்று. அரசியும் சீமான்களும் பணம் போட்டார்கள். மேலும் இரண்டு முறை கப்பல்கள் போயின; 1578இல் பதினைந்து கப்பல்கள்! ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லைக் கொண்டுவந்து உருக்கிப் பார்த்தார்கள். வெறும் கல்! அறிவு வேட்கையின் வண்டவாளம் இப்படித் தண்டவாளம் ஏறியது.

1606இல் வர்ஜீனியா கம்பெனிக்கு அரசர் அளித்த சாசனத்திலும், பொன் வெள்ளி கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு என்ற விதி தவறாமல் இருக்கிறது. உண்மையாகவே வழிபாட்டு உரிமைக்காக 1620இல் மேஃப்ளவர் கப்பலில் போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் கப்பல் செலவு? இலண்டன் வியாபாரிகளின் பணம்! ஏழாண்டு உழைப்பின் பலன் பொதுக் கணக்கில் சேர வேண்டும் என்று ஒப்பந்தம். கடவுளைத் தொழப் போனவர்கள், கடனைத் தீர்க்க நீர்நாய்த் தோல் கட்டிக் கட்டி அனுப்பினார்கள். போகிறவனுக்கு ஆயிரம் நோக்கம் இருக்கலாம். அனுப்புகிறவனுக்கு ஒரே நோக்கம்தான்.

செல்வம் யாருக்குச் சேர்ந்தது?

பிசாரோ 1532இல் இன்கா அரசர் அதாவல்பாவைச் சூழ்ச்சியால் பிடித்தார். ஓர் அறை நிறையப் பொன்னும், அதைப்போல் இரு மடங்கு வெள்ளியும் தந்தால் விடுதலை என்று பேச்சு. நாடெங்குமிருந்து கோயில் தகடுகளும் கலைப் பொருள்களும் வந்து குவிந்தன. உருக்கியபோது ஏறத்தாழ ஆறு டன் பொன் தேறியது. பொன்னை வாங்கிக்கொண்டு, 1533இல் அரசரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

மெக்சிகோவில் 1521இல் தெனொச்தித்லான் நகரம் வீழ்ந்தபின், பொன் எங்கே என்று கேட்டு, அசுதெக் அரசர் குவாதெமோக்கின் காலில் எண்ணெய் தடவித் தீயில் வாட்டினார்கள். அங்கே கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. மீதியில் ஐந்தில் ஒரு பங்கு தளபதி கோர்தெசுக்கு. பிறகு குதிரைக்கு, ஆயுதத்துக்கு, மருந்துக்குக் கழிவு. உயிரைப் பணயம் வைத்த சாதாரணச் சிப்பாய் கையில் விழுந்தது அற்பம். கோர்தெஸ் ஏமாற்றிவிட்டார் என்று சுவர்களில் கரியால் எழுதினார்கள் சிப்பாய்கள்! கொள்ளையிலும் கூலிக்காரனுக்குக் கூலி குறைவு!

எல்லாவற்றிலும் பெரிய கதை பொடோசி. இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்துக்கு மேல் பதின்மூன்றாயிரம் அடி உயரத்தில் உள்ளது அந்த ஊர். 1545இல் அங்கே ஒரு வெள்ளி மலை அகப்பட்டது. 1570களில் தொலேதோ என்ற அரசப் பிரதிநிதி, சுற்றியுள்ள மாகாணங்களின் பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் சுரங்க வேலைக்கு வர வேண்டும் என்று கட்டாயம் செய்தார். ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரம் பேர்! மனைவி மக்களோடு வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். இருட்டுக் குழியில் தோல் ஏணியில் கனிமத்தை முதுகில் சுமந்து ஏறினார்கள். கொடுத்த கூலி சோற்றுக்கே போதாது. வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். அதைத் தோண்டிய உவாங்காவெலிகா சுரங்கத்திலோ, மூச்சோடு நஞ்சு ஏறி நடுங்கிச் செத்தார்கள். இந்தக் கட்டாய வேலை முறை 1812இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தோண்டக் கை போதாத இடங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடித்தார்கள். நான்கு நூற்றாண்டுகளில் அமெரிக்காவை நோக்கிக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி!

1503இலிருந்து 1660 வரை, ஸ்பெயின் துறைமுகப் பதிவேட்டில் ஏறியது மட்டும் 16,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளி. ஏறத்தாழ 180 டன் பொன். அத்தனையும் வந்து ஸ்பெயின் நாட்டு ஏழை வாழ்ந்தானா? இல்லை! விலைவாசி ஏறியது. போர்ச் செலவு விழுங்கியது. ஜெனோவாவிலும் ஆக்ஸ்பர்க்கிலும் இருந்த வட்டிக்காரர்களின் பெட்டி நிறைந்தது. 1557, 1575, 1596 என்று மூன்று முறை ஸ்பெயின் அரசு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. மலையை வெட்டியவனுக்கும் மிச்சமில்லை. கொடியை நட்டவன் நாட்டுக்கும் மிச்சமில்லை. கடன் பத்திரம் வைத்திருந்தவனுக்கே மிச்சம்!

அந்த வெள்ளி நம் பக்கமும் வந்தது. இந்தியத் துணியும் மிளகும் வாங்க ஐரோப்பியர் கொண்டுவந்த பணத்தில், பொடோசித் தொழிலாளியின் மூச்சும் கலந்திருந்தது. நம் நெசவாளியும் அந்தச் சுரங்கத் தொழிலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஆனால் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களில் இருந்தார்கள்.

அழியாத செல்வம்

கடைசியாக ஒன்று. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போனார். கிடைத்தது வேறொரு காரம். போர்த்துகீசியர் கப்பலில் அது நம் நாட்டுக்கு வந்தபோது, மிளகைப் போல் காரமுள்ள காய் என்று மிளகாய் எனப் பெயரிட்டோம். நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அந்தக் கண்டத்துச் சொத்து. பல்லாயிரம் ஆண்டுகள் விதை பொறுக்கி, நட்டு, தேர்ந்து அவற்றை வளர்த்தவர்கள் அந்தப் பூர்வகுடி உழவர்கள். அவர்கள் பெயரால் கப்பல் காண்பது அரிது, சிலை காண்பது அரிது. பொன் உருகிப்போயிற்று, வெள்ளி செலவழிந்துபோயிற்று. உழவன் தந்த விதை மட்டும் இன்றும் உலகுக்குச் சோறு போடுகிறது. உண்மைச் செல்வம் எதுவென்று கேட்டால், நாள்தோறும் நம் குழம்புச் சட்டி பதில் சொல்கிறது!

ஆகவே, தோழர்களே, வரலாறு படிக்கும்போது கொடியின் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வளர்ச்சி என்றோ, நாகரிகம் என்றோ, தொண்டு என்றோ பெயர் சொல்லி எவர் எந்தக் கரையில் வந்து இறங்கினாலும், முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? பங்கு யாருக்கு? பாரம் யார் முதுகில்?

அந்த மூன்று கேள்விகளை 1492இல் கேட்க அந்தத் தீவு மக்களுக்கு வழி இல்லை. பத்திரம் அவர்களுக்குத் தெரியாத மொழியில், அவர்கள் காணாத ஊரில், அவர்களைக் கேட்காமலே எழுதப்பட்டது. நமக்கு எழுத்துத் தெரியும். கேட்காமல் இருந்தால் குற்றம் நம்முடையது!